விழுவதை அளப்பது: ஒரு லேப் அக்காவின் குறிப்பு

ஒரு வருடம், படிவம் நான்கு வகுப்பு ஒன்றின் பரிசோதனை அறிக்கைகள் என் மேசைக்கு வந்தன. மொத்தம் 32. அத்தனையிலும் புவியீர்ப்பு முடுக்கம், அதாவது விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் எத்தனை மீட்டர்/விநாடி கூடுகிறது என்ற எண், 9.81. அன்றைக்கு டிக்கர் டைமர் (ஓடும் காகித நாடாவில் ஊசியால் புள்ளி குத்தி நேரத்தைக் காட்டும் கருவி) ஓடவே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. யாரோ ஒயரை டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) முனையில் செருகிவிட்டார்கள். ஊசி 'டக்' என்று ஒரு தடவை அடித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது. நாடாவில் உருப்படியாக இரண்டு புள்ளி கிடையாது. ஆனாலும் 9.81.

நான் ஆசிரியை இல்லை. மலேசியாவில் தெலுக் இந்தான் என்ற ஊரில் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கூடத்தில் 26 வருடம் உதவியாளராக இருந்தவள். ஆசிரியர்கள் மாறினார்கள், பாடத்திட்டம் மாறியது. பொருள்களை எடுத்து வைத்து, துடைத்து, எண்ணி, அலமாரியில் பூட்டியது மட்டும் நான்தான். பிள்ளைகள் எந்த இடத்தில் தப்பு பண்ணுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. இப்போது ஓய்வு. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். மலாய்ப் புத்தகத்தில் 'ஜாத்துஹ் பேபாஸ்' என்று இருக்கிற பாடம், தடையின்றி விழுதல், வரும்போது அவர்களுக்கு என்ன சொல்கிறேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சூத்திரம் எழுதும்போது புவியீர்ப்பு முடுக்கத்தை 'ஜி' என்றே சொல்லிக்கொள்வோம்.

எந்த எண்ணைத் தேடுகிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். 9.81 என்பது லண்டன், பாரிஸ் பக்கத்து எண். பூமி சுழல்கிறது, நடுவில் கொஞ்சம் உப்பியும் இருக்கிறது. அதனால் நிலநடுக்கோட்டில் ஜி 9.78, துருவத்தில் 9.83. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு 4 டிகிரிதான் வடக்கே, கடல் மட்டத்தை ஒட்டிய சதுப்பு நிலம். ஆக, இங்கே சரியான விடை 9.78. கருவி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் தெலுக் இந்தானில் 9.81 வராது. எஸ்.பி.எம். (படிவம் ஐந்து அரசுத் தேர்வு) தாளில் என்ன எண் கொடுத்திருக்கிறார்களோ அதையே போடுங்கள், அங்கே போய்ச் சண்டை வேண்டாம். பரிசோதனை நோட்டில் மட்டும் உங்கள் நாடா சொன்னதை எழுதுங்கள்.

என் அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் குலை வெட்டியவர். செம்பனை பத்து மீட்டர் வளர்ந்துவிட்டால் நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டித்தான் வெட்ட வேண்டும். "காம்பு முறியிற சத்தம் கேட்டா அண்ணாந்து பாக்காத, நகரு" என்பார். அவர் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. நான் படிவம் நான்கில் போட்டுப் பார்த்தேன். பத்து மீட்டரிலிருந்து விழ 1.43 விநாடி. தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். இருபது கிலோ குலை. அண்ணாந்து பார்க்கவே அரை விநாடி போய்விடும்.

பத்து மீட்டருக்கே இவ்வளவுதான் நேரம் என்றால், கூடத்தில் இரண்டு மீட்டரிலிருந்து ஒரு கல்லைப் போட்டு ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவது எப்படி இருக்கும்? சரியான நேரம் 0.64 விநாடி. விரல் பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதித்தால் ஜி 7.3 ஆகிவிடும். அதே அளவு முந்தினால் 13.7. மனிதக் கை அதற்குள் அடங்காது. பத்து தடவை செய்து சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஒரே ஆள் ஒரே மாதிரி தாமதித்தால் சராசரியும் சேர்ந்தே தாமதிக்கும். ஸ்டாப்வாட்ச்சை ஓட்டப்பந்தயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டிக்கர் டைமர்தான் எனக்கு இன்னும் பிடித்தது. மலாயில் ஜங்கா மாசா டெதிக். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது, ஊசியும் அதோடு 50 புள்ளி குத்துகிறது. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையில் 0.02 விநாடி. மின்சாரப் பெட்டியில் ஏ.சி. (இப்படி ஏறி இறங்கும் மின்சாரம்) முனை எது என்று பார்த்து அதில்தான் செருக வேண்டும். எங்கள் பெட்டியில் ஏ.சி. மஞ்சள், டி.சி. சிவப்பும் கறுப்பும். 'ர்ர்ர்' என்று சத்தம் வந்தால் சரி. டக் என்று ஒரே அடியோடு நின்றால் டி.சி.

மேசை மேல் ஒரு ஸ்டூலை வைத்து, அதன் ஓரத்தில் டைமரை ஜி-கிளாம்ப்பால் இறுக்குங்கள். நாடா நேர் கீழே இறங்கும்படி டைமரைச் செங்குத்தாக வைக்க வேண்டும். படுக்கவைத்தால் நாடா விளிம்பில் மடங்கி உரசும், அங்கேயே பாதி வேகம் போய்விடும். கீழே தரையில் மணல் நிரப்பிய உரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். பாலிஸ்டைரின் (தெர்மோகோல்) பலகை வைக்கச் சொல்லுவார்கள், அது நாலாவது எடைக்கே உடைந்துவிடும். தோட்டத்தில் உரச் சாக்குக்குப் பஞ்சமில்லை. ஜப்பான் சிலிப்பரோடு (ரப்பர்ச் செருப்பு) யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

ஊசிக்கும் நாடாவுக்கும் நடுவில் இருக்கும் கார்பன் தாள் வட்டத்தின் மை பூசிய முகம் நாடாவைப் பார்க்க வேண்டும். எடையைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு துண்டு நாடாவைக் கையால் இழுத்துப் பாருங்கள். புள்ளி மங்கலாக இருந்தால் வட்டத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும், புது இடம் வரும். அப்புறம் ஒன்றேகால் மீட்டர் நாடாவை வெட்டி, டைமருக்குள் நுழைத்து, கீழ் முனையில் 500 கிராம் எடையை ஒட்டுங்கள். மேல் முனையை ஒருவர் நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சுவிட்ச்சைப் போட வேண்டும். சத்தம் வந்த பிறகுதான் கையை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் நாடாவின் தலைப்பக்கம் வெறுமையாகப் போய்விடும்.

நாடாவைக் கையில் எடுத்ததும் எல்லாரும் முதல் புள்ளியைத் தேடுவார்கள். அங்கே ஏழெட்டுப் புள்ளி ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கறுப்பாக இருக்கும். அதை விட்டுவிடுங்கள். முடுக்கம் மாறாத ஓட்டத்தில் எங்கிருந்து தொடங்கினாலும் ஒன்றுதான். புள்ளிகள் நன்றாகப் பிரிந்த இடத்தில் ஓர் இடைவெளியை எடுங்கள். அங்கிருந்து பத்து இடைவெளி தள்ளி இன்னொன்றை எடுங்கள்.

என் பழைய நோட்டில் ஒட்டி வைத்திருக்கும் ஒரு நாடாவை எடுத்துக் காட்டுகிறேன். முதலில் எடுத்த இடைவெளி 2.4 சென்டிமீட்டர். அதை 0.02ஆல் வகுத்தால் விநாடிக்கு 1.20 மீட்டர். பத்து தள்ளி இருக்கும் இடைவெளி 6.1 சென்டிமீட்டர், அது விநாடிக்கு 3.05 மீட்டர். வேகம் கூடியது 1.85. எடுத்த நேரம் பத்து தடவை 0.02, அதாவது 0.20 விநாடி. வகுத்தால் 9.25.

இங்கேதான் பாதி வகுப்பு வழுக்கும். முதல் இடைவெளியையும் கடைசி இடைவெளியையும் சேர்த்து எண்ணினால் பதினொன்று வரும். உடனே 0.22ஆல் வகுத்துவிடுவார்கள். விடை 8.41. ஓர் இடைவெளியில் கிடைப்பது சராசரி வேகம், அது அந்த இடைவெளியின் நடுவில் இருந்த வேகம். நடுவிலிருந்து நடுவுக்கு எண்ணினால் பத்துதான். வேலி போடுகிறவனிடம் கேளுங்கள், பதினொரு கட்டைக்கு எத்தனை இடைவெளி என்று.

எண்ணிக்கை சரியா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. தடையே இல்லையென்றால் ஒவ்வோர் இடைவெளியும் முந்தியதைவிட 3.9 மில்லிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும். என் நாடாவில் 3.7. ரூலரை வைத்த உடனே தெரிந்துவிடும்.

சரி, 9.25 ஏன்? நாடா டைமருக்குள் உரசுகிறது, ஊசி ஒவ்வொரு குத்திலும் அதைப் பிடித்து இழுக்கிறது. பெரும்பாலான அறிக்கைகள் 'உராய்வு காரணம்' என்ற இரண்டு வார்த்தையோடு முடிந்துவிடும். அது பூசி மெழுகுவது. உராய்வு எவ்வளவு என்று அளக்க முடியும்.

இதை எனக்குக் காட்டியது ஒரு பையன். பொருள் எடுக்க வந்தவனிடம் 500 கிராம் எடை தீர்ந்துபோய் 100 கிராம்தான் கொடுத்தேன். அவனுக்கு 7.10 வந்தது. அப்படியே எழுதினான். நோட்டில் சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய பெருக்கல் குறி விழுந்தது. மறுநாள் இடைவேளையில் வந்து, "அக்கா, நான் எதுவும் தப்பு பண்ணல. இன்னொரு தடவை செஞ்சு பாக்கலாமா?" என்றான். மணி அடிப்பதற்குள் இரண்டு பேரும் 200 கிராமையும் 500 கிராமையும் விழவிட்டோம். 200 கிராமுக்கு 8.45. 500 கிராமுக்கு மேலே சொன்ன அதே 9.25.

எடை கூடக் கூட விடை மேலே ஏறுகிறது. கனமான பொருள் வேகமாக விழுகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நாடாவை இழுக்கும் உராய்வு விசை எல்லா எடைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த ஒரே தடை 100 கிராமைப் பலமாக இழுக்கும், 500 கிராமுக்கு அது தூசி. ஆகவே வரைபடத்தில் குறுக்கே '1 ÷ நிறை', மேலே அளந்த முடுக்கம் என்று போடுங்கள். நிறையைக் கிலோகிராமில் எடுத்தால் 500 கிராமுக்கு 2, 200 கிராமுக்கு 5, 100 கிராமுக்கு 10. மூன்று புள்ளியும் கீழே இறங்கும் நேர்கோட்டில் வந்து உட்காரும். 2இலிருந்து 10 வரை 8 அலகு, முடுக்கம் குறைந்தது 2.15. சாய்வு 0.27. அதுதான் உராய்வு, 0.27 நியூட்டன். கோட்டை இடது பக்கம் பூச்சியம் வரை நீட்டுங்கள். எல்லையில்லாத கனம் உள்ள எடை ஒன்று விழுந்தால் என்ன வருமோ அது அங்கே இருக்கும். எங்களுக்கு 9.79 வந்தது.

பெருக்கல் குறி வாங்கிய 7.10 இல்லாவிட்டால் அந்தக் கோடே இல்லை. அவன் நாடாவை நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்போதைய பாடப்புத்தகத்தில் மின்காந்தமும் ஃபோட்டோகேட்டும் (ஒளிக்கதிரைப் பொருள் கடக்கும் நேரத்தைப் பதியும் கருவி) வந்துவிட்டன. எஃகுக் குண்டை மின்காந்தம் பிடித்திருக்கும். சுவிட்ச்சை நிறுத்தினால் குண்டு விழும். மேல் கேட்டைக் கடக்கும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும், கீழ்க் கேட்டில் நிற்கும். இரண்டுக்கும் இடையிலான உயரத்தை இரண்டால் பெருக்கி நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கச் சொல்வார்கள். நேர்த்தியான கருவி, ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை காட்டும். அதனாலேயே பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுகிறார்கள்.

அந்தச் சூத்திரம் குண்டு மேல் கேட்டைத் தாண்டும்போது வேகம் பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறது. குண்டு கேட்டுக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் மேலே தொங்கினால் கேட்டை அடைவதற்குள் விநாடிக்கு 0.44 மீட்டர் வேகம் எடுத்துவிடும். கேட்டுகளுக்கு நடுவில் 50 சென்டிமீட்டர் வைத்தால் கடிகாரம் 0.278 விநாடி காட்டும். சூத்திரத்தில் போட்டால் 12.94. ஒரு மில்லிமீட்டர் மேலே இருந்தாலே 10.7. டிக்கர் டைமரில் விடை எப்போதும் கீழே இறங்கும், ஃபோட்டோகேட்டில் மேலே ஏறும். 9.78க்கு மேல் வந்தால் முதலில் குண்டுக்கும் மேல் கேட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள்.

குண்டைக் கதிருக்கு ஒட்டி வைக்க முயன்று முயன்று நேரத்தைப் போக்காதீர்கள். மேல் கேட்டையும் மின்காந்தத்தையும் அசைக்காமல் விட்டுவிட்டு, கீழ்க் கேட்டை மட்டும் 20, 30, 40, 50 சென்டிமீட்டருக்கு நகர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் 'உயரம் ÷ நேரம்' கணக்கிட்டு, அதை நேரத்துக்கு எதிரே வரைபடத்தில் போடுங்கள். நேர்கோடு வரும். சாய்வு ஜியில் பாதி. கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம்தான் நம்மை ஏமாற்றிய அந்தத் தொடக்க வேகம். ஒரு சென்டிமீட்டர் சந்து இருந்தால் அங்கே 0.44 என்று வந்து நிற்கும். 20க்கு 0.162 விநாடி, 50க்கு 0.278 விநாடி என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், சாய்வு 4.86 பக்கம் வரும். இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கருவி எதுவும் இல்லாத வீட்டில் என்ன செய்வது? எங்கள் மண்டபத்தில் கைப்பேசிதான். ஃபைஃபாக்ஸ் என்று ஒரு செயலி, ஜெர்மனியில் ஆஹென் பல்கலைக்கழகத்தார் செய்தது, இலவசம். அதில் சத்தத்தால் ஓடி சத்தத்தால் நிற்கும் கடிகாரம் ஒன்று இருக்கிறது.

மேடை ஓரத்தில் மேசையைப் போடுவோம். மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியபடி ஒரு மர ரூலர், அதன் நுனியில் ஒரு கனமான இரும்பு நட்டு. லாரிப் பட்டறையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். குண்டு வேண்டாம், உருண்டுவிடும். நேர் கீழே தரையில் மைலோ டின் மூடி. நட்டின் அடிப்பாகத்திலிருந்து மூடி வரை 1.50 மீட்டர் இருக்கும்படி அளந்துகொள்ளுங்கள். நீட்டியிருக்கும் பகுதியில் பக்கவாட்டில் கட்டையால் சுளீர் என்று ஒரே அடி. ரூலர் பறந்துவிடும், நட்டு இருந்த இடத்திலிருந்து கீழே விழும். அடித்த சத்தத்தில் கடிகாரம் ஓடும், 'டங்' என்ற சத்தத்தில் நிற்கும். நட்டு கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து விழுந்தாலும் பரவாயில்லை, கீழே இறங்கும் நேரம் அதனால் மாறாது. மூடி மேல் விழுந்தால் சரி.

மின்விசிறியை நிறுத்துங்கள். சத்தத்தின் அளவை, பேச்சுக்கு ஓடாமல் அடிக்கு மட்டும் ஓடும்படி செயலியில் ஏற்றி வையுங்கள். மண்டபம் எதிரொலிக்கும், அதனால் குறைந்த இடைவெளியை 0.3 விநாடி என்று வைத்தால் முதல் அடியின் எதிரொலியிலேயே நின்றுவிடாது. கோயில் மணி அடிக்கும் நேரத்தில் தொடங்க வேண்டாம், இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

கைப்பேசியை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். தரையில் வைத்தால் மேலே அடித்த சத்தம் ஒன்றரை மீட்டர் இறங்கி வர 0.004 விநாடிக்கு மேல் ஆகும், கடிகாரம் தாமதமாக ஓடத் தொடங்கும். அதற்கே விடை 9.93க்குப் போய்விடும். இரண்டு சத்தமும் ஒரே தூரம் வரும்படி நடு உயரத்தில் ஒரு நாற்காலி மேல் வையுங்கள்.

போன வாரம் எங்களுக்குக் கிடைத்தது 0.556, 0.552, 0.558, 0.553, 0.555. சராசரி 0.5548. உயரத்தை இரண்டால் பெருக்கினால் 3.00, அதை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 9.75. மிக நீண்ட நேரத்தை மட்டும் எடுத்தால் 9.64, மிகக் குறைந்ததை எடுத்தால் 9.85. எனவே '9.75, கூடக் குறைய 0.1' என்று எழுதச் சொன்னேன். 9.746 என்று புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் எழுதிய பெண்ணிடம், டேப்பை வைத்து உயரம் அளந்தபோது அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்ததா இல்லையா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அழித்தாள்.

உயரம் கூடினால் விடை துல்லியமாகும் என்பதும் உண்மைதான், ஆனால் யாரும் எங்கள் ஊர்ச் சாய்ந்த கோபுரத்துக்குப் போக வேண்டாம். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். 1885இல் கட்டியது, 25.5 மீட்டர், பீசா கோபுரம் மாதிரியே சாய்ந்து நிற்கிறது, நமக்கும் ஒரு கலிலியோ வேண்டாமா என்று. காகிதத்தில் விழவிடுங்கள். 2.28 விநாடி, கீழே வரும்போது விநாடிக்கு 22 மீட்டர். கீழே சுற்றிலும் கடை, ஆள் நடமாட்டம்.

அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு பையன் பிங்பாங் பந்து கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான். நட்டுக்கும் பந்துக்கும் ஒரே விடைதான் வரும், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்கிறான். ரூலரில் பந்து நிற்காதே என்றேன். நுனியில் கத்தியால் ஒரு சின்னக் குழி தோண்டிவிட்டானாம். 2.7 கிராம் பந்து, காற்று சும்மா விடுமா? வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 9.2 பக்கத்தில் வர வேண்டும். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.